அப்பாவின் கையும் அப்பாவின் நோட்டும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இரவு சாப்பிட்டபின் உட்கார்ந்து படியுங்கள். வகுப்பில் பாதிப் பாடத்தில் எழுந்து போனால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்!

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டின் பின்பக்கம் முழுக்க மோட்டார் படம் வரைந்துகொண்டிருப்பான். இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஒன்பது வருஷமாக வரைபடப் பிரிவில் வேலை. வேலையை விட்டுவிட்டு நண்பனோடு சேர்ந்து சின்னதாக ஒரு பட்டறை போடப் போகிறானாம். "டீச்சர், வேலைக்குச் சேரும்போது ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. விட்டுப் போனா ரெண்டு வருஷத்துக்கு இதே தொழில் செய்யக்கூடாதுன்னு அதுல இருக்கு. கோர்ட்டுக்குப் போயிடுவாங்களோன்னு அம்மா ராத்திரி தூங்க மாட்டேங்கிறாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றான்.

நான் வக்கீல் இல்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து, முப்பத்து நான்கு வருஷம் சமூக அறிவியல் நடத்தியவள். ஆனாலும் அவன் சொன்னது என்னை விடவில்லை. ஏனென்றால், இதே மாதிரி ஒரு பேப்பர் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

என் அப்பா கம்பாசிட்டர். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை தெரியாது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேஸிலிருந்து எடுத்து, தலைகீழாகக் கோத்து, பக்கமாகக் கட்டிக் கொடுப்பவர். பதினைந்து வயதில் எங்கள் ஊர் அச்சகம் ஒன்றில் தரை பெருக்கச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே வேலை கற்றுக்கொண்டார். அத்தை கல்யாணத்துக்கு முதலாளியிடம் முந்நூறு ரூபாய் கடன் வாங்கியபோது, முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்தும் போட்டார். வேலையை விட்டால் மூன்று வருஷத்துக்கு அந்தத் தாலுகாவில் சொந்தமாக அச்சகம் வைக்கக்கூடாது, வேறு அச்சகத்திலும் வேலை பார்க்கக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. கடன் நாலு வருஷத்தில் அடைந்துவிட்டது. பேப்பர் மட்டும் அவரிடமே இருந்தது.

1970இல் அப்பா வேலையை விட்டார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, சிவகாசியிலிருந்து பழைய டிரெடில் மிஷின் ஒன்று வாங்கி, வீட்டு முன்னறையில் போட்டார். தை மாதம் பூஜை போட்டோம். பத்தொன்பதாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்பா அதை இரண்டு தடவை வாசித்தார். மிஷினைச் சாக்கால் மூடினார். அடுத்த வாரம் மதுரைக்குப் போய் ஓர் அச்சகத்தில் கூலிக்குச் சேர்ந்துவிட்டார். மூன்று வருஷம், மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். நானும் தம்பியும் அந்தச் சாக்கு மூடிய மிஷினுக்கு அடியில்தான் ஒளிந்து விளையாடுவோம்.

ஒரு வக்கீலைப் போய்ப் பார்க்க அப்பாவுக்குத் தோன்றவில்லை. பணமும் இல்லை. கையெழுத்துப் போட்டாயிற்று, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டார்.

ஓய்வுபெற்றபின் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். சட்டம் படித்த என் தம்பி மகளை உட்காரவைத்துப் பாடம் கேட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கப் படிக்க எனக்குக் கோபமும் வந்தது, கடைசியில் கொஞ்சம் வெட்கமும் வந்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. ஆண்டு 1414. ஐந்தாம் ஹென்றி மன்னராக இருந்த காலம். துணிக்குச் சாயம் ஏற்றும் ஒருவர், தன் ஊரில் ஆறு மாதத்துக்குச் சாயத் தொழில் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவர் வாக்கை மீறினார் என்று எதிராளி கோர்ட்டுக்கு வந்தார். வழக்கைக் கேட்ட நீதிபதிக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்! இப்படி எழுதி வாங்கிய ஆள் மட்டும் இங்கே நேரில் இருந்தால், மன்னருக்கு அபராதம் கட்டும்வரை ஜெயிலில் போட்டிருப்பேன் என்று கடவுள்மேல் ஆணையிட்டுச் சொன்னாராம். இந்த விஷயத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வழக்குகளில் இது ஒன்று.

ஏன் அவ்வளவு கோபம்? ஏழாம் வகுப்பில் கறுப்புச் சாவு என்று நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? 1348, 1349 ஆண்டுகளில் வந்த அந்தக் கொள்ளைநோயில் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறந்துபோனார்கள். வேலைக்கு ஆள் இல்லை. உடம்பில் தெம்புள்ளவன் எல்லாம் வேலை செய்தே ஆகவேண்டும் என்று 1349இல் அரசாணையே போட்டார்கள். அப்படிப்பட்ட நாட்டில், தொழில் தெரிந்த ஒருவனைச் சும்மா உட்காரவைப்பது அவனுக்கு மட்டுமல்ல, ஊருக்கே செய்யும் துரோகம். தவிர, அங்கே ஒரு தொழிலைக் கற்க வருஷக்கணக்கில் ஒருவரிடம் சீடனாக இருக்கவேண்டும். பிற்பாடு 1563இல் வந்த சட்டம் அதை ஏழு ஆண்டு என்றே வகுத்தது. அவ்வளவு பாடுபட்டுக் கற்றதை ஒரு சீட்டால் பிடுங்கினால் அந்த ஆள் வேறு என்ன செய்வான்?

சுமார் முந்நூறு வருஷம் கழித்து அந்தக் கறார் கொஞ்சம் தளர்ந்தது. 1711இல் லண்டனில் ஒரு ரொட்டிக் கடை வழக்கு. தன் அடுப்பங்கடையை ஐந்து வருஷத்துக்கு இன்னொருவரிடம் ஒப்படைத்தவர், அந்த வட்டாரத்தில் அதுவரை ரொட்டி சுடமாட்டேன், மீறினால் ஐம்பது பவுண்டு தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். மீறவும் செய்தார். கோர்ட் இந்தமுறை ஒப்பந்தத்தை ஏற்றது. கடையை விலை வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டு, எதிர்க்கடை போடுவது நியாயமா? இடம் சின்னது, காலம் குறைவு, கைக்குப் பணமும் வந்தது. ஆகவே ஒப்பந்தம் நியாயமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார்கள். இங்கிலாந்துக் கோர்ட்டுகள் இன்றுவரை பிடித்துக்கொண்டிருப்பது இந்த 'நியாயமா' என்ற கேள்வியைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடையை விற்றவர் வேறு, கடையில் வேலை பார்த்தவர் வேறு. விற்றவர் கையில் காசு வாங்கியிருக்கிறார். வேலை பார்த்தவர் விற்றது தன் உழைப்பை மட்டும்தான். இந்த வித்தியாசம் பிறகு பெரிதாக வரும்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். நம் ஊர்ச் சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நியூயார்க்கில் டேவிட் டட்லி ஃபீல்டு என்று ஒரு வக்கீல். கோர்ட் தீர்ப்புகளில் சிதறிக் கிடக்கும் சட்டத்தை எல்லாம் சாதாரண ஜனங்கள் படிக்கிற மாதிரி ஒரே புத்தகமாக எழுதிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பல வருஷம் உழைத்து 1865இல் சிவில் சட்டத் தொகுப்பு ஒன்றின் வரைவை முடித்தார். அதில், ஒருவரைச் சட்டப்படியான தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று ஒரே போடாகப் போட்டார். நியாயமா இல்லையா என்ற கேள்வியே அங்கே இல்லை. விதிவிலக்குகளும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். முக்கியமானது, நல்ல பெயரோடு ஒரு வியாபாரத்தை விற்றவரை, அதே இடத்தில் எதிர்க்கடை போடாதே என்று தடுக்கலாம் என்பது.

சொந்த மாநிலமான நியூயார்க் அந்தத் தொகுப்பைச் சட்டமாக்கவே இல்லை. பாவம் மனிதர். ஆனால் கலிபோர்னியா எடுத்துக்கொண்டது. ஆண்டு 1872.

அதே 1872. இந்தியாவில் வைசிராய் சபையின் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அவர் காலத்தில் இந்திய ஒப்பந்தச் சட்டம் நிறைவேறி, செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 27ஆம் பிரிவு, இங்கிலாந்தின் 'நியாயமா' என்ற கேள்வியை விட்டுவிட்டு, அந்த நியூயார்க் வரைவின் வாசகத்தைப் பின்பற்றியது. ஒருவரைச் சட்டப்படியான தொழில், வியாபாரம் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது. வியாபாரத்தை நற்பெயரோடு விற்றவருக்கு மட்டும் விலக்கு. பிறந்த ஊரில் விலைபோகாத ஒரு வரைவு, ஒரே வருஷத்தில் கலிபோர்னியாவிலும் நம் நாட்டிலும் குடியேறிவிட்டது.

இந்தியத் தண்டனைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் 2024 ஜூலையில் மாற்றப்பட்டுவிட்டன. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. 1958இல் சட்ட ஆணையம், 27ஆம் பிரிவைக் கொஞ்சம் தளர்த்தி, நியாயமான தடைகளை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை.

புதுச் சட்டம் வந்து இரண்டே வருஷத்தில் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. 1874. ஒரே பகுதியில் இரண்டு பித்தளைப் பாத்திர வியாபாரிகள். போட்டி தாங்காமல் ஒருவர் மற்றவரிடம், நீ இந்தப் பகுதியில் கடையை மூடிவிடு, உன் ஆட்களுக்கு நீ கொடுத்த முன்பணத்தை நான் தந்துவிடுகிறேன் என்றார். இவர் மூடினார். அவர் பணம் தரவில்லை. மூடியவர் வழக்குப் போட்டார். இந்த ஒரு பகுதியில் மட்டும்தானே தொழிலை நிறுத்தினேன், வேறு இடத்தில் செய்யலாமே, இது முழுத் தடை இல்லையே என்று வாதம். தலைமை நீதிபதி சர் ரிச்சர்டு கௌச் ஏற்கவில்லை. சட்டத்தில் முழுத் தடை, பாதித் தடை என்ற பேச்சே இல்லை, எந்தத் தடையானாலும் செல்லாது என்றார். ஒப்பந்தமே செல்லாது என்பதால் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனிதருக்குப் பணம் கிடைக்கவில்லை. சட்டம் கறாராக இருந்தால் சில சமயம் நல்லவர் தலையிலும் விழும். அதையும் சொல்லத்தானே வேண்டும்?

அடுத்தது நம் சென்னை. 1876. ஓக்ஸ் அண்ட் கோ என்று அந்தக் காலத்தில் பெயர்பெற்ற வெள்ளையர் நிறுவனம். அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்த ஜாக்சன் என்பவரிடம், எங்களை விட்டுப் போனால் சென்னையிலிருந்து 800 மைலுக்குள் இந்தத் தொழில் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். 800 மைல்! சுவரில் இந்திய வரைபடத்தை மாட்டி, சென்னையில் காம்பஸை ஊன்றி 800 மைலுக்கு ஒரு வட்டம் போடுங்கள். தென்னிந்தியா முழுக்க உள்ளே. கொழும்பும் உள்ளே. பம்பாயும் நாக்பூரும் உள்ளே. கல்கத்தா மட்டும் கோட்டுக்குச் சற்று வெளியே தப்பித்து நிற்கும். பிழைக்கவேண்டுமானால் அந்த ஆள் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறவேண்டும். இந்த ஒப்பந்தம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதை வாசித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. 1876இலேயே சென்னை உயர் நீதிமன்றம் வெள்ளைக்கார நிறுவனத்துக்கு எதிராக இதைச் சொல்லியிருக்கிறது. அதற்குத் தொண்ணூற்று நான்கு வருஷம் கழித்து, அதே உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்த எங்கள் ஊரில், ஒரு தாலுகாவுக்குள் தொழில் செய்யக்கூடாது என்று ஒரு முத்திரைத்தாள் என் அப்பாவை மதுரைக்கு விரட்டியிருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கோபம் வந்தது என்றேனே, இதுதான். இனி வெட்கப்பட்ட கதைக்கு வருகிறேன். அதற்கு மறுபடி ஒருமுறை இங்கிலாந்து போகவேண்டும்.

1895இல் அங்கே ஒரு வழக்கு. வேட்டைப் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் விற்கும் பண்ணை ஒன்று. அதன் மேலாளர் தானும் அதே தொழில் தொடங்க நினைத்தார். தப்பில்லை. ஆனால் வேலையில் இருக்கும்போதே முதலாளியின் ஆர்டர் புத்தகத்திலிருந்து வாடிக்கையாளர் பெயர், விலாசம் எல்லாவற்றையும் ரகசியமாக எழுதி எடுத்துக்கொண்டார். வேலையை விட்டதும் அவர்களிடம் போய் வியாபாரம் கேட்டார். அவர் அப்படி எழுதிக்கொள்ளக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. இருந்தும் கோர்ட் அவரைக் குற்றம் சொன்னது. சம்பளம் வாங்கும் காலத்தில் முதலாளிக்கு விசுவாசமாக இருக்கவேண்டும், அதை யாரும் எழுதிவைக்கத் தேவையில்லை என்றது. நஷ்டஈடும் போட்டது, தடையும் போட்டது.

இருபது வருஷம் கழித்து, 1916இல், பிரபுக்கள் சபைக்கு இன்னொரு வழக்கு வந்தது. பாரம் தூக்கும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனி ஒன்று. சின்ன வயதிலேயே அங்கே சேர்ந்து வரைபடம் போடும் பொறியாளராக வளர்ந்த ஒருவர். விட்டுப் போனால் ஏழு வருஷம் பிரிட்டன், அயர்லாந்து எங்கேயும் இந்தத் தொழில் செய்யக்கூடாது என்று நிபந்தனை. அது செல்லாது என்றார்கள். ஒருவன் வேலை செய்து செய்து பெற்ற திறமையும் அறிவும் அவனுடைய சொத்து, அது முதலாளி கொடுத்த வாய்ப்பில் வளர்ந்ததாக இருந்தாலும் சரி. முதலாளி காப்பாற்றிக்கொள்ள வேண்டியது தன் ரகசியங்களையும் வாடிக்கையாளர் தொடர்பையும்தான். போட்டி வரக்கூடாது என்று யாரும் கேட்கமுடியாது.

(தம்பி, உனக்கும் வரைபட வேலைதான். இந்தப் பத்தியை இன்னொருமுறை படி.)

இந்த இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரியும். கையில் இருப்பது உன்னுடையது. பையில் இருப்பது யாருடையது என்று பார்க்கவேண்டும்.

கலிபோர்னியாவில் அந்த 1872 விதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அங்கேதான் பெரிய வேடிக்கை. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லி, கிழக்குக் கரையில் பெல் ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு, தன் தாயார் இருந்த பாலோ ஆல்டோ பக்கம் வந்து 1956இல் சொந்த ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதே வருஷம் நோபல் பரிசும் கிடைத்தது. அறிவாளி, ஆனால் ஆட்களை நடத்தத் தெரியவில்லை. 1957 செப்டம்பரில் எட்டுப் பேர் சேர்ந்தாற்போல விட்டுப் போனார்கள். போய் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் 'துரோக எண்மர்' என்றே பெயர் வந்துவிட்டது.

அந்த ஃபேர்சைல்டில் பொது மேலாளராக இருந்தவர், 1959இல் சில பேரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் வேறொரு செமிகண்டக்டர் கம்பெனி தொடங்கினார். தயாரிப்பு முறை ரகசியங்களை எடுத்துப் போய்விட்டார்கள் என்று ஃபேர்சைல்டு வழக்குப் போட்டது. இரண்டு வருஷத்துக்குமுன் தாங்கள் விட்டு வந்தவர்கள்தான்! மருமகளாக இருந்தபோது பேசிய நியாயம், மாமியார் ஆனதும் மாறிவிடுகிறது. ஆனால் அவர்கள் கேட்டதிலும் அர்த்தம் உண்டு. நீங்கள் ஏன் போனீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, எதை எடுத்துக்கொண்டு போனீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

எட்டுப் பேரில் இருவர், ராபர்ட் நாய்ஸும் கோர்டன் மூரும், 1968இல் ஃபேர்சைல்டையும் விட்டுப் போய்த் தொடங்கியதுதான் இன்டெல். உங்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் ஒட்டியிருக்கும். விட்டுப் போனவனைத் தடுக்காத அந்தச் சட்டம்தான் சிலிக்கான் பள்ளத்தாக்கு வளர ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். பல்கலைக்கழகம், ராணுவ ஆர்டர்கள் என்று வேறு காரணங்களும் உண்டு. ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

மறுபடி நம் நாட்டுக்கு வருவோம். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

1967இல் ஒன்று. செஞ்சுரி மில் என்று பிரபலமான கம்பெனி, டயருக்கான நூல் தயாரிக்க ஒரு டச்சுக் கம்பெனியிடமிருந்து தொழில்நுட்பம் வாங்கியது. ரகசியம் காப்போம் என்று அவர்களுக்கு வாக்கும் கொடுத்திருந்தது. ஒரு மேற்பார்வையாளரை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் எடுத்துப் பயிற்சி கொடுத்தது. அவர் பாதியிலேயே, அதிகச் சம்பளத்துக்குப் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த ஐந்து வருஷம் முடியும்வரை அதே வேலையை வேறிடத்தில் செய்யக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒப்பந்தக் காலம் நடக்கும்போது போடும் கட்டுப்பாடு வேறு, முடிந்தபின் போடும் கட்டுப்பாடு வேறு.

1980 மே மாதம் இன்னொன்று. சரக்குகளின் தரம், எடை ஆகியவற்றைச் சோதித்துச் சான்று கொடுக்கும் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி ஆஃப் இந்தியா. அதன் டெல்லிக் கிளை மேலாளரிடம், எங்களை விட்டுப் போனால் கடைசியாக வேலை பார்த்த ஊரில் இரண்டு வருஷம் இதே தொழில் செய்யக்கூடாது என்று வாங்கியிருந்தார்கள். 1978இல் கம்பெனியே அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் டெல்லியிலேயே அதே தொழிலைத் தொடங்கினார். கீழ்க் கோர்ட் தடை கொடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது, உச்ச நீதிமன்றத்திலும் கம்பெனி தோற்றது. இரண்டு நீதிபதிகள், 'விட்டுப் போனால்' என்றால் தானாகப் போவது, இவரை நீங்கள் அல்லவா அனுப்பினீர்கள் என்று அந்த ஒரு சொல்லிலேயே வழக்கை முடித்தார்கள். மூன்றாவது நீதிபதி ஏ.பி. சென் நேராக 27ஆம் பிரிவுக்குப் போய், வேலை முடிந்தபின் போடும் இப்படிப்பட்ட தடை செல்லாது என்று விரிவாக எழுதினார். ஒரு சொல்லின் பொருள் ஒரு மனிதனின் பிழைப்பைத் தீர்மானிக்கும். இதற்காகத்தான் நான் உங்களைச் சொற்பொருள் எழுதச் சொல்லி உயிரை வாங்கினேன்!

இன்னொன்றும் உண்டு. தொழில் செய்யாதே என்பது வேறு, பயிற்சிச் செலவைக் கட்டிவிட்டுப் போ என்பது வேறு. மூன்று வருஷத்துக்கு முன்னால் விட்டால் இரண்டு லட்சம் கட்டவேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே எல்லாப் பேப்பரையும் கிழித்துப் போடலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

இனி நான் சொல்லவேண்டியது.

அப்பா 2004இல் தவறினார். கருமாதி முடிந்து அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அடியில் ஒரு நோட்டு இருந்தது. நாற்பது பக்க நோட்டு, அப்பாவின் முத்து முத்தான எழுத்து. எந்தப் பள்ளிக்கூடம் எந்த மாதம் ரசீதுப் புத்தகம் அடிக்கும், எந்தக் கோயில் கொடைக்கு எத்தனை நோட்டீஸ், யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு என்ன விலை, யார் உடனே பணம் தருவார், யார் இழுப்பார். எல்லாம் 1968, 1969 வருஷத்துக் கணக்கு. அப்போது அப்பா அந்த முதலாளியிடம் வேலையில் இருந்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "ராத்திரி கடையைப் பூட்டுறதுக்கு முந்தி பேரேட்டைப் பார்த்து எழுதிட்டு வருவாக. அந்த நோட்டீஸ்லயும் இதைக் கேட்டுத்தான் எழுதியிருந்துச்சு. நீ அதை உள்ளே வை ஏட்டி, வெளியில சொல்லாத" என்றாள்.

நான் சொல்லவில்லை. இருபது வருஷம் சொல்லவில்லை. முதலாளி எங்கள் அப்பாவை ஊரை விட்டு விரட்டினார் என்று மட்டுமே பேரப்பிள்ளைகள் வரைக்கும் கதை சொன்னேன். அந்தப் பறவைப் பண்ணை வழக்கைப் படித்த அன்றுதான் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்பா வாசித்த அந்த நோட்டீசில் இரண்டு குற்றச்சாட்டு இருந்திருக்கிறது. ஒன்று சட்டப்படி செல்லாதது. இன்னொன்றுக்கு அப்பாவிடம் பதில் இல்லை. வக்கீலிடம் போகாததற்குப் பணம் மட்டும்தான் காரணமா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

அப்பாவைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. தரை பெருக்கப் போன பையன் எழுத்துக் கோக்கக் கற்றது அவர் கை. அந்தக் கையை மூன்று வருஷம் கட்டிப்போட யாருக்கும் உரிமை இல்லை. அந்தத் தாளில் கையெழுத்து வாங்கியது தப்பு. 1973இல் திரும்பி வந்து சாக்கை எடுத்துவிட்டு இருபத்தைந்து வருஷம் அவர் ஓட்டிய அச்சகத்தில்தான் நாங்கள் சோறு தின்றோம், நான் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். ஆனால் அந்த நோட்டு முதலாளியுடையது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது வரலாறு ஆகாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

முதலாளி வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அவர் பேரன் இந்தப் பதிவுகளைப் படிக்கிறார் என்று தெரியும். ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வாருங்கள் தம்பி. நோட்டைத் தருகிறேன். அதில் உள்ள பலருடைய பேரப்பிள்ளைகளுக்கே இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. இருந்தாலும் உங்கள் தாத்தா கடைக் கணக்கு, உங்களிடம் இருப்பதுதான் முறை.

இனி போன் செய்த என் மாணவனுக்கு. வேலை முடிந்தபின் இரண்டு வருஷம் தொழில் செய்யாதே என்ற வரியைப் பார்த்து அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகச் சட்டம் உன் பக்கம் நிற்கிறது. ஆனால் ராஜினாமா கொடுக்குமுன் நல்ல வக்கீல் ஒருவரிடம் அந்தப் பேப்பர் முழுவதையும் காட்டு. நோட்டீஸ் காலம், பயிற்சிச் செலவு, ரகசியம் என்று வேறு வரிகள் இருக்கும். சம்பளம் வாங்கும் கடைசி நாள்வரை அவர்கள் வேலையை மட்டும் பார். உன் பட்டறைக்கு ஆர்டர் பிடிக்கும் வேலை அதற்கப்புறம்.

கிளம்பும் அன்று உன் பையைத் திறந்து பார். பென் டிரைவ், போனில் எடுத்த வரைபடப் போட்டோ, வாடிக்கையாளர் பட்டியல், உனக்கு நீயே அனுப்பிக்கொண்ட மெயில் எதுவும் இருக்கக்கூடாது. எட்டாம் வகுப்பில் நோட்டின் பின்பக்கம் மோட்டார் வரைந்த அந்தக் கை ஒன்று போதும் உனக்கு.

பட்டறை திறப்பு விழாவுக்கு எனக்குப் பத்திரிகை அனுப்பு. கட்டாயம் வருவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்